தேனீக்குச் சர்க்கரைத் தண்ணீரில் கேப்சூல் வேண்டாம்

நத்தம் சாலையில் ஒரு மாந்தோப்பு. எட்டுப் பெட்டி தேனீ. இரண்டு பெட்டிகளில் புழுக்கள் தலை நிமிர்ந்து, தோலுக்குள் நீர் கோத்துப் பை போலச் செத்துக் கிடந்தன. "டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரிச்சு, சர்க்கரைத் தண்ணியில கலந்து எட்டுக்கும் வச்சுட்டேன் சார்" என்றார் தோப்புக்காரர்.

தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போகிற இடமெல்லாம் இதைக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனது பதறுகிறது. இப்படிப் பையாகிச் சாவது சாக்புரூட் என்ற வைரஸ் நோயின் அடையாளம். டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை அந்தக் கேப்சூல் ஒன்றும் செய்யாது. அடி விழுவது தேனீயின் குடலில்.

அடையின் அறை மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் இளந்தேனீயின் குடலில் நுண்ணுயிர் அநேகமாக இருக்காது. பழைய தயிரை எடுத்துப் புதுப் பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அப்படி மூத்த தேனீக்களோடு பழகிப் பழகி, ஐந்தாறு நாளில்தான் அது வந்து சேரும். ஸ்னோட்கிராசெல்லா, கில்லியமெல்லா, லாக்டோபேசில்லஸ் என்று முக்கியமானவை சில வகைகள்தான். மகரந்தம் செரிப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு, நோய்க்கிருமி ஒட்டாமல் காப்பதிலும் உண்டு.

என்னை அசர வைத்தது வேறு. சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் குறியீடு ஒட்டிக் கேமராவில் கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். குடல் நுண்ணுயிர் உள்ள தேனீக்கள் தலையோடு தலை சேர்த்துப் பழகுவது அதிகம். அதுவும் எல்லோரோடும் ஒரே மாதிரி இல்லை, குறிப்பிட்ட சில தோழிகளோடு கூடுதலாக. மூளையில் சில அமினோ அமிலங்களின் அளவும் மாறியிருந்தது. வாசல் காவல் தேனீ தன் கூட்டுத் தேனீயை அடையாளம் காணும் உடல் மணத்திலும் குடல் நுண்ணுயிருக்குப் பங்கு உண்டென்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இவை நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் இனத்தில் செய்தவை. நம் அடுக்குத் தேனீயின் குடலிலும் இதே நுண்ணுயிர்களின் உறவினர்கள்தான் குடியிருக்கின்றன.

அப்புறம் யோசியுங்கள், அந்தக் கேப்சூல் எதை அழிக்கிறது என்று. டெக்சாஸில் டெட்ராசைக்ளின் கொடுத்துக் கூட்டுக்குத் திருப்பி விட்ட தேனீக்களில் பிழைத்தவை குறைவு. 2017இல் வந்த ஆய்வு அது. தோப்பில் அடிக்கும் கிளைபோசேட் களைக்கொல்லியும் ஸ்னோட்கிராசெல்லாவைக் குறைக்கிறது என்று அடுத்த ஆண்டே அதே குழு சொன்னது.

தோப்புக்காரரிடம் கரைசலை எடுத்துக் கொட்டச் சொன்னேன். நோய்ப்பட்ட இரண்டு பெட்டிகளையும் தள்ளி வைத்து, ராணிகளைக் கூண்டில் அடைத்தோம். சில நாள் முட்டை நின்றால் வைரஸுக்குப் புதுப் புழு கிடைக்காது. அந்தப் பெட்டிகளின் அடைச் சட்டத்தை மற்ற ஆறில் மாற்ற வேண்டாம், கையைக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றேன். "அப்ப மருந்தே கிடையாதா சார்?" என்று கேட்டார். இதற்கு மருந்து கிடையாதுண்ணே என்று சொல்லிவிட்டு, மீதி ஆறு பெட்டிகளையும் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.