டம்மி ஹெட்: பொம்மையா, பதிலியா?

மனிதர் கேட்பதுபோலவே ஒலியைப் பதிவு செய்ய, தலை வடிவம் ஒன்றைச் செய்து, காதுக்கு ஒன்றாக இரண்டு ஒலிவாங்கிகளைப் பொருத்தினால் அது ‘டம்மி ஹெட்’. வீட்டிலேயே இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களை முதலில் தவறான வழிக்கு இழுப்பது இந்தப் பெயர்தான்.

தமிழில் ‘டம்மி’ என்றால் ஒப்புக்கு வைத்தது, உள்ளே ஒன்றும் இல்லாதது என்று பொருள் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அதன் வேர் ‘டம்ப்’, அதாவது ஊமை. பேச இயலாதவரைக் குறித்த சொல், பிறகு மனிதருக்குப் பதிலாக நிறுத்தும் உருவத்துக்கும் ஆகிவந்தது. வாய் பேசாது, காது மட்டும் கேட்கும் தலை! அந்தப் பழைய பொருள் இக்கருவிக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகத்தார் ‘ஆஸ்கர்’ என்று பெயரிட்ட உருவத்தை வைத்து, அது கேட்டதையெல்லாம் பார்வையாளர்களுக்கு ஹெட்ஃபோன் வழியாகக் கேட்கச் செய்தார்கள். ஜெர்மானியர் இதைக் ‘குன்ஸ்ட்கோப்ஃப்’ என்கிறார்கள். செயற்கைத் தலை என்பது அதன் நேர்ப்பொருள்.

இவ்வகைப் பதிவின் பெயர் ‘பைனாரல்’. லத்தீனில் ‘பினி’ இரண்டிரண்டு, ‘ஆரிஸ்’ செவி. தமிழில் இருசெவிப் பதிவு என்பதே சரி. இருகாது என்று ஏன் சொல்லக்கூடாது? செவிப்பறை, செவிடு, செவிவழிச் செய்தி என்று கேட்டல் சார்ந்த சொற்கள் செவியைப் பற்றியே நிற்கின்றன. ஊசிக்குக் காது உண்டு, செவி கிடையாது.

இனி, தலை எதற்கு? இடப்பக்கத்து ஒலி வலச்செவியை அடைய ஏறக்குறைய 0.7 மில்லி வினாடி வரை தாமதமாகும். கீச்சொலிகளைத் தலையே மறைத்து மங்கச் செய்யும். ஒலி இடமா வலமா என்பதை இவற்றைக் கொண்டே அறிகிறோம். முன்னா பின்னா, மேலா கீழா என்பதை உணர்த்துவது செவிமடலின் மடிப்புகள். ஆகவே கண்ணையும் மூக்கையும் அழகாகச் செதுக்குவதில் பயன் அதிகமில்லை. நுரைப்பஞ்சுத் தலைகளில் காது பெரும்பாலும் வெறும் புடைப்பாகவே இருக்கும். அதை வெட்டிவிட்டு, உண்மையான செவிமடலை அச்செடுத்துச் சிலிக்கோனில் வார்த்துப் பொருத்துங்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்கும் ‘எலக்ட்ரெட்’ வகைச் சிறிய ஒலிவாங்கிகள் இரண்டைச் செவித்துளையின் வாயில் வையுங்கள். இரண்டும் ஒரே உணர்திறன் கொண்டவையாக இருக்கட்டும். ஒன்று மந்தமானால் நடுவிலிருக்கும் குரல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். உள்ளீடற்ற தலையானால் பஞ்சு அடைத்துவிடுங்கள், இல்லையேல் உள்ளேயே ஒலி அதிரும்.

பதிவை ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில் இடப்பக்க ஒலி வலச்செவிக்கும் போய்விடுவதால், தலை பிரித்துத் தந்த வேறுபாடு கலைந்துவிடும். ஒலிபெருக்கிகளில் கேட்பதற்கேற்ற ஸ்டீரியோ என்பது வேறு. கிரேக்கத்தில் திண்மம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது.

சரி, தமிழில் என்ன பெயர்? பொம்மைத் தலை என்றால் தோற்றம்தான் நினைவுக்கு வரும். போலித் தலையில் ஏமாற்று வாடை அடிக்கிறது. செயற்கைத் தலையில் பிழையில்லை, ஆனால் அதன் வேலை விளங்கவில்லை. கேட்பவர் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்காக இருந்து கேட்கிறதே, அதனால் நான் ‘பதிலித் தலை’ என்றே எழுதுகிறேன். முழுப்பெயர், பதிலித்தலை ஒலிவாங்கி. தம் காதுகளிலேயே ஒலிவாங்கிகளை அணிந்து பதிவு செய்கிறவர்களும் உண்டு. அதுவும் இருசெவிப் பதிவுதான், பதிலிதான் அங்கே இல்லை.