பால் பிளான்ட் கிளைகாலும் தயிர் மாதிரி புளிக்கும்

பால் பிளான்ட்ல பாலை 4 டிகிரிக்கு கீழ இறக்குறதுக்கு நிறைய இடத்துல கிளைகால் சில்லர்தான் ஓடுது, அதாவது உறைஞ்சு போகாம இருக்க தண்ணியில கிளைகால்ங்கிற திரவத்தை கலந்து, குளிராக்கி சுத்த விடுற மெஷின். எத்திலீன் கிளைகால் விஷம், அதனால உணவு பக்கத்துல புரொப்பிலீன் கிளைகால்தான் போடுவாங்க. ஒருதடவை ஊத்திட்டா அப்படியே கிடக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா காத்து பட்டா அது கொஞ்சம் கொஞ்சமா ஆக்சிஜனோட சேர்ந்து ஆசிடா மாறிக்கிட்டே இருக்கும். என்ன ஆசிட் தெரியுமா, தயிர்ல இருக்குற அதே லாக்டிக் ஆசிட், கூடவே வினிகர்ல இருக்குற அசிட்டிக், எறும்பு கடில இருக்குற ஃபார்மிக். சூடு ஏற ஏற இது வேகமாகும், சில்லர்ல மெதுவாதான் நடக்கும், ஆனா வருஷக்கணக்கா ஓடுற சிஸ்டம்ல மெதுவும் சேர்ந்துடும்.

இதுக்குத்தான் இன்ஹிபிட்டர் (அரிப்பைத் தடுக்குற கெமிக்கல்) கலந்த கிளைகால் வாங்குறோம். அதுல இருக்குற டைபொட்டாசியம் பாஸ்பேட் ரெண்டு வேலை செய்யுது, இரும்பு மேல மெல்லிசா ஒரு படலம் போட்டு காப்பாத்தும், உருவாகுற ஆசிடையும் அப்பப்ப முழுங்கிடும். சிக்கலே இங்கதான். அது முழுங்கிக்கிட்டே இருக்குற வரைக்கும் பிஹெச் (ஆசிட் ஏற ஏற குறையுற அளவு) பெருசா அசையாது, மீட்டர்ல 9, 8.8ன்னு காட்டும், நாமளும் நிம்மதியா இருப்போம். பாஸ்பேட் தீர்ந்த பிறகு மளமளன்னு இறங்கும். அதனால பிஹெச் மட்டும் பாத்தா பத்தாது, ரிசர்வ் ஆல்கலினிட்டி, அதாவது ஆசிடை முழுங்குற சக்தி இன்னும் எவ்வளவு மிச்சம்னு பாருங்க: 10 மில்லி சாம்பிளை பிஹெச் 5.5க்கு கொண்டு வர 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எத்தனை மில்லி ஆகுதுன்னு டைட்ரேட் பண்றது, அவ்வளவுதான். புதுசா ஊத்துன அன்னைக்கே இந்த நம்பரை எழுதி வச்சுட்டா அப்புறம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெளிவா தெரியும்.

காத்து எங்க உள்ள போகுதுன்னு தேடுறதுதான் உண்மையான வைத்தியம். மூடி இல்லாத டேங்க், மேல இருந்து அருவி மாதிரி கொட்டுற ரிட்டர்ன் லைன், சக்‌ஷன் பக்கம் காத்து இழுக்குற பம்ப் சீல். ரிட்டர்ன் பைப்பை டேங்க்ல இருக்குற கிளைகால் லெவலுக்கு கீழ இறக்கி விட்டாலே பாதி காத்து நிக்கும்.

அடுத்தது தண்ணி. லெவல் குறைஞ்சா போர்வெல் தண்ணிய ஊத்துறது ரொம்ப தப்பு, அதுல இருக்குற கால்சியம் பாஸ்பேட்டை பிடிச்சு கசடா உக்கார வச்சிடும், குளோரைடு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட்லயே பொத்தல் போடும். டிஎம் வாட்டர்ல (உப்பு நீக்குன தண்ணி) கலந்த கிளைகாலைத்தான் டாப்-அப் பண்ணணும். ரொம்ப நீர்த்துப் போய் 20 சதவீதத்துக்கு கீழ போயிட்டா பாக்டீரியா கிளைகாலையே சாப்பிட்டு இன்னும் ஆசிட் விடும். ஜிஐ பைப்பும் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) வேண்டாம், அந்த துத்தநாகம் இன்ஹிபிட்டரோட சேர்ந்து சேறாகிடும்.

பிஹெச் 8க்கு கீழ வந்தா இன்ஹிபிட்டர் சேர்க்கலாம். 7க்கு கீழ போய் கலரும் பிரவுனாகி புளிச்ச வாடை வந்துட்டா மாத்துறதுதான் வழி. அப்போ காஸ்டிக் சோடா ஊத்துனா பிஹெச் நம்பர் ஏறும், போன இன்ஹிபிட்டர் திரும்பி வராது. மாத்தும்போது பழைய துருவை நல்லா கழுவி எடுங்க, இல்லைன்னா புதுசா ஊத்துன இன்ஹிபிட்டர் அந்த துரு மேலயே ஒட்டி வீணாகிடும்.