தாமரைக்குள் இருந்த பேட்டரி

பொங்கலன்று இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஒன்றேகால் வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தார். காலையிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, பொங்கலை எவ்வளவு குழைத்து ஊட்டினாலும் துப்பிவிடுகிறான், பால் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது என்றார். தொண்டையில் புண் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சின் மேற்பகுதியில் வட்டமாக ஒன்று தெரிந்தது.

"காசு முழுங்கிட்டானா சார்?" என்றார் அப்பா.

காசாக இருந்துவிடக் கூடாதா என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் வட்டத்தின் ஓரத்தை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் தெரிந்தது. காசில் அப்படித் தெரியாது. அது பட்டன் பேட்டரி.

எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் வேலை செய்யற வீட்ல போகிக்கு ஒதுங்க வச்சாங்க சார். அந்த அக்கா ஒரு பை நிறைய பொம்மை குடுத்தாங்க. அதுல லைட் எரியற தாமரை ஒண்ணு." நவராத்திரித் தாம்பூலப் பைகளில் வருமே, பிளாஸ்டிக் தாமரை, அதுதான். மறுநாள் கொண்டுவந்து காட்டினார். அடியில் இருந்த சின்ன மூடி உடைந்துபோய், அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஒரு முனை மட்டும் பிய்ந்திருந்தது.

அன்றிரவே எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பேட்டரியை எடுத்துவிட்டார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் உணவுக்குழாய் வெந்துபோயிருந்ததால் மூன்று வாரம் மூக்கில் டியூப் வழியாகத்தான் பால். புண் ஆறும்போது குழாய் சுருங்கியது. அதை விரிக்க இரண்டு முறை மயக்க மருந்து கொடுக்கவேண்டி வந்தது.

கொடுத்த வீட்டாரை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல மனசோடுதான் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தத் தாமரை ஷோகேஸில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. போய்ச் சேர்ந்த வீட்டிலோ அது தரையில், தவழும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நம் வீட்டில் அலங்காரமாக இருந்த பொருள், கை மாறியதும் விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது. பொம்மை வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், கொடுக்கும்போது பையில் அள்ளிப் போட்டுவிடுகிறோம். தானமாகப் போவதை யார் சோதிக்கிறார்கள்?

இந்தப் பேட்டரி ஏன் இவ்வளவு மோசம் என்றால், அது தொண்டைக்குக் கீழே சிக்கியதும் எச்சில் வழியாக மின்சாரம் பாய ஆரம்பித்துவிடும். பேட்டரியின் எதிர்முனை (மைனஸ் பக்கம்) தொடும் இடத்தில் காரம் (ஆல்கலி) உண்டாகி, சதையை அரித்துக்கொண்டே போகும். இரண்டு மணி நேரத்திலேயே ஆழமான புண் வந்துவிடலாம். 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் வில்லைகள்தான் அதிகம் சிக்குகின்றன. "அது தீர்ந்துபோன பேட்டரிதான் டாக்டர்" என்று பலர் ஆறுதலாகச் சொல்வார்கள். விளக்கை எரியவைக்கப் பலம் இல்லாத பேட்டரியிலும் சதையைப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலிலேயே "பேட்டரி" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தப் பொம்மை, காந்த மணி போன்றவையும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். பலமான காந்தம் இரண்டு உள்ளே போனால், குடலின் இரண்டு மடிப்புகளை இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

ஆகவே பரணைக் காலி செய்ய உட்காரும்போது பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கட்டும். பேட்டரி போடும் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்க்ரூ இல்லையா, பேட்டரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்கவே வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடு என்றால், ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்குகிற எதையும் பையில் போடாதீர்கள். கன்னியாகுமரியில் வாங்கிய சிப்பிப் பொம்மையில் ஒட்டியிருக்கும் மணிக்கண்ணும் அதில் சேர்த்திதான்.

சாயம் உரியும் பழைய பொம்மைகளும் எனக்குப் பயம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல். உங்கள் பரணில் இருப்பது பெரும்பாலும் அதற்கு முந்தையதாகத்தான் இருக்கும். பல் முளைக்கும் குழந்தைக்கு எல்லாமே கடிக்கிற பொருள். பாட்டி காலத்துச் செப்புச் சாமானும் சாயம் போன தலையாட்டிப் பொம்மையும் கொலுப் படியிலேயே அழகாக இருக்கட்டும்.

சக்கரம் வைத்து, நடுவில் உட்காரவைக்கிற வாக்கரை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். படியில் உருண்டு மண்டை உடைந்த குழந்தைகளுக்குத் தையல் போட்டிருக்கிறேன். கனடாவில் 2004-இலேயே தடை செய்துவிட்டார்கள். உடைத்து, பழைய பிளாஸ்டிக்காரரிடம் போடுங்கள். பிளாஸ்டிக்கைப் போகியில் மட்டும் எரிக்கவேண்டாம். அன்று காலையில் வீசிங்கோடு வருகிற குழந்தைகளை நான்தான் பார்க்கிறேன். (நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டியைச் சொல்லவில்லை. அதைக் குழந்தை தானாக நின்று தள்ளும். எனக்கு அதன்மேல் பாசம் உண்டு.)

இன்னொன்று. ஒதுங்க வைப்பவர் வேறு, பொருளுக்குச் சொந்தக்காரர் வேறு என்பதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். நாலு வயதுப் பையன் ஒருவன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று கூட்டிவந்தார்கள். காது, வயிறு, சிறுநீர் எல்லாம் சரி. கிளம்பும் நேரத்தில் பாட்டிதான் சொன்னார்: "அந்தக் கிழிஞ்ச கரடிய இவ தூக்கிக் குடுத்துட்டா டாக்டர், புள்ள ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப." அம்மா இல்லாத நேரத்தில் பிடித்துக்கொள்ளக் குழந்தை தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிற ஒரு பொருள் அது. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நமக்கு அழுக்குத் துணி; அவனுக்கு அது இல்லாமல் இரவு இல்லை. கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், துவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும். தாத்தா பாட்டியின் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

அந்தத் தாமரையைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கை நானே இறக்கினேன். மகளின் பழைய பொம்மைகள். உட்கார்ந்து திறந்ததில் பதினொரு பட்டன் பேட்டரி கிடைத்தது. இரண்டு கசிந்து பச்சை பூத்திருந்தது. இரண்டு பக்கமும் டேப் சுற்றி, மின்கழிவில் போட எடுத்துவைத்தேன். அப்போதுதான் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஃப்ரிட்ஜ் மேல இருக்கற கிண்ணத்தையும் பாருங்க." சில்லறைக் காசு, சேஃப்டி பின், கூடவே பழைய ரிமோட்டிலிருந்து கழற்றிப் போட்ட வில்லைகள் ஆறு. பார்த்தால் எல்லாமே காசு மாதிரிதான் இருந்தன.