இறைச்சி: கதைக்குள் தங்கியிருக்கும் பொருள்

வேலூரில் இறைச்சி என்றால் யாருக்கும் கறிக்கடைதான் நினைவுக்கு வரும். ஆனால் கதை எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொரு இறைச்சி தொல்காப்பியப் பொருளதிகாரத்தில், பொருளியல் என்ற இயலில் இருக்கிறது. இறுத்தல் என்றால் தங்குதல். சொன்னதற்கு அப்பால், சொல்லாமல் தங்கியிருக்கும் பொருள்தான் இறைச்சி என்பார்கள்.

இப்போது எதற்கு இது? கதையில் மழையோ வெயிலோ வந்தாலே ‘சிம்பல்’ என்கிறோம், தமிழில் கேட்டால் ‘குறியீடு’ என்று முடித்துவிடுகிறோம். சிம்பல் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். இரண்டாக உடைத்த அடையாளச் சில்லை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்து, பின்னால் பொருத்திப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வார்கள். புறா என்றால் சமாதானம் என்பது மாதிரி ஒன்றுக்கு ஒன்று; அதற்குக் குறியீடு சரியான சொல். ‘வானம் அழுதது’ என்று எழுதினால் அது வேறு. மனுஷ உணர்ச்சியை இயற்கையின் மேல் ஏற்றிச் சொல்வது; ஆங்கில விமர்சகர் ரஸ்கின் 1856இல் ‘பேதடிக் ஃபாலசி’ என்று பெயர் வைத்தது அதற்குத்தான், நம் தற்குறிப்பேற்ற அணி அதற்கு நெருங்கிய உறவு.

நல்ல சிறுகதையில் வெயில் செய்யும் வேலை இந்த இரண்டிலும் அடங்காது, அதுதான் இறைச்சி. பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில், மணல் காலைச் சுடுகிறது, ஓர் அம்மா ஊற்றுத் தோண்டுகிறாள். சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போன மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேல் மணலை ஒதுக்கி ஒதுக்கி, முழங்கை ஆழம் போனதும் விரல் நுனியில் ஈரம் தட்டுகிறது, தோண்டுவதை விட்டுவிட்டுக் கையை அப்படியே கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த வரியில் ‘அவள் கோபம் தணிந்தது’ என்று எழுதினால் கதை செத்துவிடும்.

குறுந்தொகை 37ஆம் பாட்டிலும் இதேதான். தலைவன் போன வழியில், பிடியின் பசி தீர்க்க ஆண் யானை யா மரத்துப் பட்டையை உரிக்கும் என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். அதைப் பார்த்தால் அவனுக்கு உன் நினைவு வரும் என்பதை அவள் வாய் திறந்து சொல்லவே இல்லை. பாலைத் திணை அது: பொழுது நண்பகல், உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்குரிய உணர்வு, பிரிவு. மே மாத மத்தியானத்தில் காட்பாடி பிளாட்பாரத்தில் நின்று யாரையாவது ரயிலேற்றிவிட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உள்ளுறை உவமத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே காட்சியில் வரும் ஒவ்வொன்றும் சொல்லாமல் விட்ட இன்னொன்றுக்கு உவமையாகப் பொருந்தி நிற்கும். இங்கே அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. அந்த அம்மாவின் விரலில் பட்டது மன்னிப்பா, ஏக்கமா? தமிழில் ஈரம் என்றாலே அன்பு என்றும் பொருள் உண்டு, ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்கிறதே குறள்.