வெளிச்சம் குறைந்தால் பாலில் மருந்து

சித்திரை வெயிலில் சென்னையில் உறை ஊற்றினால் நாலைந்து மணி நேரத்தில் தயிர் கெட்டியாகிவிடும். வேளச்சேரியில் அக்கா வீட்டில் ஒருநாள் விடிந்தும் பால் பாலாகவே கிடந்தது. உறைமோர் சரியில்லாமல் போயிருக்கலாம், பால் ரொம்ப ஆறிப்போயிருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு: மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து உடம்பை விட்டுப் போகும் முன்பே கறந்து மற்ற பாலோடு சேர்த்துவிட்டால், அந்த ஆன்டிபயாடிக் தயிர் பாக்டீரியாவையும் வளரவிடாது. காய்ச்சினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம், பென்சிலின் வகை மருந்துகள் கொதியைப் பெரும்பாலும் தாங்கிவிடும்.

தேட வேண்டிய அளவு எவ்வளவு தெரியுமா? ஐரோப்பிய விதிப்படி ஒரு கிலோ பாலில் அமாக்சிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்து 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால், நாம் சளிக்கு விழுங்கும் ஒரே ஒரு 250 மில்லிகிராம் கேப்சூல் 62,500 கிலோ பாலை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

இவ்வளவு சின்ன அளவைப் பிடிக்கத்தான் ஒளி. 2019 ஆகஸ்டில் ஓர் இரவு திருவான்மியூர் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததே, அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் உடம்புக்குள் நடக்கும் வேதிவினையின் வெளிச்சம். ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்வது லூமினால் என்ற வேதிப்பொருள். காரத்தன்மை உள்ள கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது உருவாகும் மூலக்கூறு கூடுதல் ஆற்றலோடு பிறக்கிறது, அந்த ஆற்றலை 425 நானோமீட்டர் அளவில் நீல ஒளியாகக் கொட்டிவிட்டு அடங்குகிறது. வினையை முடுக்க ஒரு நொதி வேண்டும், அது குதிரைமுள்ளங்கி என்ற காரமான கிழங்கிலிருந்து வருகிறது.

இப்போது சோதனைத் தட்டைப் பாருங்கள். 96 சின்னக் குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் குறிப்பிட்ட மருந்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகள் ஒட்டியிருக்கும். பாலையும், நொதி கட்டிய அதே மருந்தில் கொஞ்சத்தையும் சேர்த்து ஊற்றுவார்கள். அப்புறம் தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் காலை எட்டரைக்கு நடப்பதுதான், இருக்கிற சீட்டுக்கு ரெண்டு கூட்டமும் முண்டியடிக்கும். பாலில் மருந்து நிறைய இருந்தால் அதுவே இடத்தைப் பிடித்துவிடும், நொதி கட்டிய மருந்துக்கு இடம் கிடைக்காது. இடம் கிடைக்காததெல்லாம் கழுவும்போது போய்விடும். பிறகு லூமினாலும் பெராக்சைடும். எந்தக் குழி மங்கலாக இருக்கிறதோ, அதில் ஊற்றிய பாலில்தான் மருந்து அதிகம்.

நிறம் மாறும் சோதனைகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் ஒரு விளக்கை அடித்து, அந்த வெளிச்சம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே விளக்கே இல்லை. இருட்டுப் பெட்டிக்குள் தட்டு, பக்கத்தில் ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய கருவி. கரன்ட் போன ராத்திரியில் தெருக்கோடியில் யாரோ தீக்குச்சி கிழித்தாலும் கண்ணில் படுகிறதே, அந்தக் கூர்மைதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பாலின் கொழுப்பும் புரதமும் சில சமயம் குறுக்கே நின்று ஒளியைக் குறைத்துவிடும். அதனால் மருந்தே இல்லாத பாலையும், தெரிந்த அளவு மருந்து கலந்த பாலையும் அதே தட்டில் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அப்படியும் மங்கலாகத் தெரிகிற மாதிரிகள் மட்டும், மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும், எந்த மருந்து, எத்தனை மைக்ரோகிராம் என்பது அங்கேதான் உறுதியாகும்.