அமெரிக்கத் தபால் நிலையத்துக்குப் போர்வீரர் பெயர் வைப்பது எப்படி?

பதக்கம் பெற்ற போர்வீரர் ஒருவரின் பெயரை அமெரிக்கத் தபால் நிலையத்துக்கு வைக்க நகர மன்றத் தீர்மானமோ போஸ்ட்மாஸ்டரின் சம்மதமோ போதாது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றி, அதிபர் கையெழுத்திட வேண்டும். ஆகவே மனுவை அந்தத் தொகுதியின் பிரதிநிதிகள் சபை (கீழவை) உறுப்பினர் அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் மிக உயரிய ராணுவ வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2005-இல் ஈராக்கில் தீப்பிடித்த கவச வாகனத்திலிருந்து சக வீரர்களை இழுத்துக் காப்பாற்றி, தீக்காயத்தால் இறந்தவர் ஆல்வின் கேஷ். அந்தப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது 2021 டிசம்பரில்; புளோரிடாவின் ஒவீடோ தபால் நிலையத்துக்கு அவர் பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது.

பதக்கத்துக்குச் சான்று கேட்பார்கள். ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதைக் காட்டும் டிடி-214 படிவம் வீட்டில் இல்லையென்றால், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்தில் எழுத வேண்டும். சிக்கல் வருவது இங்கேதான். 1973 ஜூலையில் அங்கே நடந்த தீ விபத்தில், 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துபோயின. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் வீரர்கள் பெரும்பாலும் இதற்குள் அடக்கம். அவர்கள் விஷயத்தில், பதக்கம் வழங்கிய படைப்பிரிவு ஆணையின் நகலைத் தேடிப் பிடிப்பதே நல்லது.

மசோதாவுக்கு அந்த மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் எல்லோரும் ஆதரவுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பிரதிநிதிகள் சபைக் குழுவின் வழக்கம். கலிபோர்னியா என்றால் 52 பேர். ஒருவர் தாமதித்தாலும் கோப்பு தூங்கும். உயிரோடிருப்பவர் பெயரை செனட் (மேலவை) குழு பொதுவாக ஏற்காது. ஆனால் போரில் காயமடைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. இரண்டாண்டு அவைக்காலம் முடிவதற்குள் நிறைவேறாவிட்டால் மசோதா காலாவதி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறைவேறினால் கிடைப்பது உள்கூடத்தில் ஒரு சிறு பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும். தபால் துறையின் பட்டியலில் நிலையத்தின் பழைய பெயர்தான் இருக்கும். கடித முகவரியும் மாறாது. இதை வீரரின் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விழா நாளில் முகம் சுண்டாமல் இருக்கும்.

சட்டம் பெயர் வைப்பது தெரு முகவரி குறிப்பிட்ட கட்டடத்துக்கு. பல தபால் நிலையங்கள் வாடகைக் கட்டடத்தில் நடப்பவை. நிலையம் இடம் மாறினால் பெயர் தானாகக் கூடவே போகாது. மனு எழுதும் முன் கட்டடம் யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது, வேறு பெயர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிடுங்கள்.