டயட்டரி டாக்சிசிட்டி: உணவுவழி நச்சுத்தன்மை

ஆய்வக எலிகளைப் பற்றிய அறிக்கைகளில் வரும் இந்தத் தொடரை ‘உணவு நச்சு’ என்று பெயர்த்தால் பொருள் புரண்டுவிடும். உணவு நச்சு என்றதும் கெட்டுப்போன கறியும் வயிற்றுப்போக்கும்தான் நினைவுக்கு வரும். இங்கே உணவின்மேல் குற்றமே இல்லை. நல்ல தீவனத்தில் ஒரு வேதிச்சேர்மத்தை அளந்து கலக்கிறார்கள். அதை நாள்தோறும் தின்னும் எலிக்கு என்ன கேடு வருகிறது என்று பார்க்கிறார்கள். தீவனம் வெறும் ஊர்தி. அதனால் ‘உணவுவழி நச்சுத்தன்மை’ என்பதே சரி.

டயட் என்பதன் மூலம் ‘டையைட்டா’ என்னும் கிரேக்கச் சொல். முதலில் வாழும் முறையைக் குறித்து, பிறகு நோயாளியின் உணவுமுறையாகச் சுருங்கியது. ‘பத்தியம்’ இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் வழி என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்ததே. ஆனால் பத்தியத்தில் கட்டுப்பாடு என்ற குறிப்பு ஏறிவிட்டது. எலிக்கு யாரும் பத்தியம் போடவில்லை, ஆகவே இங்கே பொருந்தாது.

டாக்சிசிட்டியின் வேர் ‘டாக்சான்’, அதாவது வில். அம்பு முனையில் பூசிய நஞ்சே ‘டாக்சிகான்’. தென் அமெரிக்க வேடர்களின் அம்பு நஞ்சான குராரே குருதியில் கலந்தால் தசையைச் செயலிழக்கச் செய்யும். அதனால் வீழ்ந்த விலங்கின் இறைச்சியைத் தின்றவருக்கோ ஒன்றும் ஆகாது, குடல் அதை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. எந்த வழியில் போனது என்று சொல்லாமல் நச்சுத்தன்மையைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

தமிழில் ‘நஞ்சு’ தனிச்சொல். வேறொரு சொல்லோடு சேரும்போது நடுவிலுள்ள மெல்லினம் வல்லினமாகி ‘நச்சு’ ஆகும்: இரும்பு இருப்புப்பாதை ஆவதுபோல. எனவே ‘நஞ்சுத்தன்மை’யைவிட ‘நச்சுத்தன்மை’ செவிக்கு இயல்பு. விரும்பு என்ற பொருளிலும் ஒரு ‘நச்சு’ உண்டு. நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற குறளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இனி நடைமுறை. தொண்ணூறு நாள் ஆய்வுக்கு, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி வகுத்த நெறிமுறை 408 பொது அளவுகோல். வெவ்வேறு அளவில் சேர்மம் பெறும் குழுக்கள் குறைந்தது 3, கூடவே சேர்மம் கலக்காத ஓர் ஒப்பீட்டுக் குழு. ஒவ்வொன்றிலும் 10 ஆண், 10 பெண். வாரம் ஒருமுறையாவது எடையும் தின்ற அளவும் பார்க்க வேண்டும். முடிவில் குருதிச் சோதனை, உறுப்புகளின் எடை, திசுச் சோதனை.

தீவனத்தில் செறிவை பிபிஎம் கணக்கில் சொல்வார்கள்: பத்து லட்சத்தில் இத்தனை பங்கு. 1000 பிபிஎம் என்றால் ஒரு கிலோ தீவனத்தில் 1000 மி.கி. சறுக்குவது இங்கேதான். 100 கிராம் எடையுள்ள இளம் எலி நாளுக்குச் சுமார் 10 கிராம் தின்னும். அதற்குக் கிடைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.கி. அதுவே வளர்ந்து 400 கிராம் ஆனபின் 20 கிராம்தான் தின்னும். அளவு 50 மி.கி.யாகப் பாதி ஆகிவிடும். தீவனம் மாறவில்லை, நச்சின் அளவு மாறிவிட்டது. அளவு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் எடை கூடக் கூடச் செறிவைக் கூட்ட வேண்டும். எந்த முறை என்று சொல்லாத அறிக்கையின் எண்ணை அப்படியே எடுத்தாளக் கூடாது.

கலப்பதிலும் வம்பு உண்டு. சேர்மத்தை முதலில் கொஞ்சம் தீவனப் பொடியில் நன்றாகக் கலந்து, அந்தக் கலவையைப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். மேல், நடு, அடி என மாதிரி எடுத்துப் பார்க்காவிட்டால் ஒரு எலிக்கு இரட்டிப்பும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். எளிதில் ஆவியாகும் பொருள் கிண்ணத்திலேயே குறைந்துவிடும். எலி பொடியைச் சிதறினால், சிதறியதும் தின்ற கணக்கில் ஏறிவிடும்.

இன்னொன்று சுவை. கசந்தால் எலி குறைவாகத் தின்னும், மெலியும். அது நச்சா, பட்டினியா? பிரித்தறிய, அந்த எலி தின்ற அதே அளவு வெறும் தீவனத்தை வேறொரு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிடுவார்கள். இதற்கு ‘இணை உணவூட்டல்’ எனலாம்.

இரைப்பைக்குள் குழல்விட்டு ஒரே தடவையில் செலுத்துவது காவாஜ். மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டுகிறோமே, அதைப் போன்றதுதான். ‘குழல்வழிப் புகட்டல்’ போதும். நாள்முழுக்கக் கொறிப்பதைவிட இதில் குருதியில் செறிவு சட்டென உயரும். எனவே இவ்விரு வழிகளின் எண்களையும் நேருக்கு நேர் வைக்க முடியாது.

உணவுவழி ஆய்வின் முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பதற்குச் சாக்கரின் என்னும் செயற்கை இனிப்பு ஓர் எடுத்துக்காட்டு. அதை உணவில் 5 விழுக்காடு போல மிகுதியாகக் கலந்தபோது ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. 1977-இல் கனடா தடைப் பக்கம் போனது, அமெரிக்கா எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் சொன்னது. எலிச் சிறுநீரில் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் மிகுதி. அவை வீழ்படிவாகிப் பையின் உட்சுவரை அரித்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. மனிதருக்கு அந்த நிலை இல்லை. 2000-இல் அமெரிக்கப் புற்றுநோய்க்காரணிப் பட்டியலிலிருந்து சாக்கரின் நீக்கப்பட்டது.